மூட்டையின் ஏழே முக்கால் மணி

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு பிளாஸ்டிக் கதவு. அதன் உட்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கீறல்கள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, ஒன்றரை மாதப் பூனைக்குட்டி ஒன்றை அந்தக் கதவுக்குப் பின்னால் விட்டுத் தாழ்ப்பாள் போட்டது நான்தான். ஆறு மணிக்குத்தான் திறந்தேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குட்டி கூட அன்று காலையே என் மடியில் வந்து படுத்துக்கொண்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. குளிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கீறல்கள் கண்ணில் படுகின்றன. அது ஏன் அப்படி ஓடியது, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த நாலு மாதமாக யோசித்ததையெல்லாம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மலைக்கோட்டைக்கு அடிவாரத்தில் எங்கள் வீடு. தை பிறந்துவிட்டால் தெருவே புளி மணக்கும். மண்டியிலிருந்து புளியை வாங்கி வந்து, ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டித் திருப்பிக் கொடுக்கும் வேலையில் அம்மாவுக்கு முப்பது வருடப் பழக்கம். விரல் நுனி எப்போதும் பழுப்பாகவே இருக்கும். பிப்ரவரி முதல் வாரத்தில் மண்டியில் மூட்டைகளை லாரியில் ஏற்றும்போது, அடுக்குக்குப் பின்னாலிருந்து மூன்று குட்டிகள் வெளியே வந்திருக்கின்றன. தாய்ப்பூனை சத்தத்துக்குப் பயந்து கூரை மேல் ஏறிவிட்டது. அதற்குள் இரண்டு குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். மூன்றாவதை அம்மா முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். ஐந்து வாரம் இருக்கும் என்று பிறகு கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். புளி மூட்டைக்குப் பின்னால் கிடைத்ததால் என் மகள் அதற்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தாள். பழுப்பும் கறுப்புமாக, கையளவு. முதல் நான்கு நாள் தூங்கியது, தின்றது, மறுபடி தூங்கியது. இவ்வளவு சாதுவான பிராணியா என்று ஆச்சரியப்பட்டோம்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆரம்பித்தது.

ஓட்டம்

எனக்கு ஓசூரில் கணக்கு எழுதும் வேலை. பஸ்ஸில் போய் வருகிறேன், வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். நான் செருப்பைக் கழற்றிக் கால் கழுவி உட்காரும் நேரத்தில், ஏறக்குறைய ஏழே முக்காலுக்கு, மூட்டைக்குள் யாரோ சுவிட்சைப் போட்டது போல் இருக்கும். காது இரண்டும் பின்னால் மடியும். கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகிவிடும். வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பும். அப்புறம் முதுகை வில்லாக வளைத்து, நண்டு போலப் பக்கவாட்டில் நான்கு துள்ளல். அங்கிருந்து கட்டிலுக்கு அடியில், கட்டிலிலிருந்து சமையலறை, சமையலறையில் வழுக்கிச் சிலிண்டரில் மோதி, திரும்பி வந்து திரைச்சீலையில் பாதி தூரம் ஏறி, தொங்கி, குதித்து, நேராக என் கணுக்காலைக் கட்டிப் பிடித்துக் கடித்துவிட்டு மறுபடி ஓட்டம். ஐந்து நிமிடம். சில நாள் பத்து. எப்படி ஆரம்பித்ததோ அப்படியே நின்றும் விடும். நடு அறையில் நின்று, இவ்வளவு நேரம் ஓடியது வேறு யாரோ என்பது போல முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காட்சி விடியற்காலை நாலு, நாலரைக்கு. அதுதான் என்னை உடைத்தது. ஆறரைக்குப் பஸ் பிடிக்க வேண்டியவளுக்கு நாலரை மணித் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். போர்வைக்குள் அசையும் கால்விரல் எல்லாம் அதற்கு இரை. மகள் இரண்டு முறை அலறிக்கொண்டு எழுந்தாள்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா, "இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும்மா, கொண்டுபோய் மண்டியிலயே விட்டுடு" என்றார். மாமா ஒருவர், "பூனை கண்ணுக்குக் காத்து கருப்பு தெரியும், அதான் சும்மா சும்மா சுவத்தப் பாக்குது" என்றார். கைப்பேசியில் கேட்ட ஒருவர் தண்ணீர் பீய்ச்சச் சொன்னார். அப்போதுதான் ஒரு நாள் விளையாட்டு வேகத்தில் அதன் நகம் என் மணிக்கட்டில் பட்டு இரத்தம் வந்தது. கிறுக்கு என்ற சொல் மனதில் விழுந்திருந்ததால் எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். இரத்தம் வந்ததால், வெறிநோய் வராமலிருக்க, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி போட்டார்கள். வெறிநோய்த் தடுப்பூசி அன்றைக்கு ஒன்று, அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களில் ஒவ்வொன்று என நான்கு முறை. இது வீண் பயம் இல்லை. தடுப்பூசி போடாத பூனை, அதுவும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டி, கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ யாரும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அன்றைக்கு என் மனதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன: காயத்துக்கு வைத்தியம் பார்ப்பது ஒன்று, குட்டியையே நோயாகப் பார்ப்பது வேறொன்று. ஊசி போட்டு வந்த மூன்றாம் நாள் விடியற்காலைதான் குளியலறைக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே முதலில் கத்தியது. அப்புறம் கதவைப் பிறாண்டும் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. நான் தூங்கவில்லை.

ஒரு புளியங்கொட்டை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் இருக்கும். அம்மா திண்ணையில் கல்லை வைத்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். நான் சுவரில் சாய்ந்து நார் உரித்துக்கொண்டிருந்தேன். மூட்டை காலி சாக்கின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சுத்தியல் பட்ட ஒரு கொட்டை தெறித்து, சுவரில் பட்டு, திண்ணையின் சிமெண்டுத் தரையில் 'டிர்ர்ர்' என்று உருண்டது.

குட்டியின் கண் திறக்கவில்லை. இடது காது மட்டும் திரும்பியது. கொட்டை உருண்ட பக்கம் காதும் கூடவே நகர்ந்தது. பிறகுதான் கண் திறந்தது. எழவில்லை, வயிறு தரையில் ஒட்டியபடியே முன்னால் வந்தது. தோள் எலும்பு இரண்டும் முதுகுக்கு மேல் மாறி மாறி எழுந்து தாழ்ந்தன. கொட்டைக்கு ஒரு முழம் இருக்கும்போது அப்படியே உறைந்தது. மீசை முன்னால் விரிந்தது. பின்பக்கம் மட்டும் இடமும் வலமும் ஆடியது, மண்ணில் கால் ஊன்றிப் பார்க்கும் ஓட்டப்பந்தயக்காரனைப் போல. ஒரு தாவல். முன்னங்கால் இரண்டாலும் அமுக்கி, வாயால் கவ்வி, பக்கவாட்டில் விழுந்து பின்னங்காலால் உதை உதை என்று உதைத்தது. அப்புறம் தலையை நிமிர்த்திக்கொண்டு, வாயில் கொட்டையோடு, கையளவு உடம்பிலிருந்து 'உர்ர்' என்று ஒரு குரல் விட்டபடி எங்களைத் தாண்டி உள்ளே போனது. கட்டிலுக்கு அடியில் இரண்டு மூன்று முறை விட்டுப் பிடித்தது. போதும் என்று தோன்றியதும் வெளியே வந்து கிண்ணத்தில் இருந்த மீனை மென்றது. உட்கார்ந்து கையை நக்கி முகம் கழுவியது. காது, கழுத்து, வயிறு, ஒன்றையும் விடவில்லை. திரும்பவும் சாக்குக்கு வந்து சுருண்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து.

"அதுக்கு வேலை இல்ல கண்ணு," என்றார் அம்மா, தட்டுவதை நிறுத்தாமல். "வேலை செஞ்சா சாப்பிடுது, தூங்குது. நம்மளப் போலத்தான்."

நான் நார் உரிப்பதை நிறுத்திவிட்டேன். காலை நாலரை மணிக்குப் பார்த்ததெல்லாம் இதேதான். பதுங்கல் இதே பதுங்கல். கதவுக்குப் பின்னால் பின்பக்கம் ஆட்டுவது, தாவுவது, கட்டிப்பிடித்து உதைப்பது எல்லாம் இதிலிருந்தவைதான். ஆனால் அங்கே துண்டு துண்டாக, வரிசை கலைந்து, ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. பதுங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் சுவரைப் பார்த்துப் பதுங்கும். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் என் காலைப் பிடிக்கும். நான் உதறுவேன், இரை தப்பிவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பிடித்தாயிற்று என்ற முடிவு ஒரு நாளும் அதற்குக் கிடைக்கவில்லை. கிறுக்கு என்று நாங்கள் பெயர் வைத்தது முடியாமல் போன ஒரு வேட்டை. அதை நான் பூட்டி வைத்தேன்.

உடம்புக்குள் இருக்கும் வேட்டை

அன்றிலிருந்து மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையைப் புதைத்த குழியைப் பற்றி 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் வயது சுமார் 9,500 ஆண்டு. அவ்வளவு காலம் நம்மோடு இருந்தும் பூனையின் உடம்பு அதிகம் மாறவில்லை. எலி வெளியே வருவது அந்தியிலும் விடியலிலும். அதனால் பூனையின் உடம்பும் அந்த இரண்டு வேளைக்குத்தான் விழித்துக்கொள்ளும். மூட்டையின் ஏழே முக்காலுக்கும் நாலரைக்கும் விளக்கம் இவ்வளவுதான். பகலெல்லாம், குட்டி என்றால் ஒரு நாளில் பதினெட்டு இருபது மணி நேரம்கூட, தூங்கிச் சேர்த்து வைத்ததை அப்போது செலவழிக்கிறது. பூனையின் தசை நெடுந்தூரம் ஓடுவதற்கானது அல்ல. சட்டென்று பாய்ந்து சட்டென்று ஓய்வது. ஓட்டம் பத்து நிமிடத்தில் பட்டென்று நின்றுபோவதும் அதனால்தான்.

மாமா சொன்ன காத்து கருப்பும் எனக்கு விளங்கியது. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வோடு, நின்றுவிடும். பூனைக்கு 60,000க்கு மேலும் கேட்கும். எலிகள் ஒன்றோடொன்று கீச்சிடுவது பெரும்பாலும் நமக்கு எட்டாத அந்த மேல் வரிசையில்தான். பழைய வீடு, பக்கத்தில் புளி அடுக்கு. நாங்கள் வெறும் சுவர் என்று நினைத்ததற்குப் பின்னால் மூட்டைக்கு ஒரு குடித்தனமே கேட்டிருக்கும்.

பசிக்கும் வேட்டைக்கும் நாம் போடும் முடிச்சு பூனைக்குப் பொருந்தாது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தின்றுகொண்டிருக்கும் பூனை கூட எலி ஓடினால் கிண்ணத்தை விட்டு எழும். காட்டில் பல பாய்ச்சல் வீணாகும். பசித்த பிறகுதான் வேட்டை என்றிருந்தால் அந்த இனம் பிழைத்திருக்காது. "வயிறு நிறையப் போட்டிருக்கேன், இன்னும் எதுக்கு ஆட்டம்" என்று நான் கேட்டது தப்பான கேள்வி. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்கிறோம். பூனைக்கும் அது கொண்டாட்டம் மட்டும் இல்லை, பிழைப்பு.

இன்னொன்று வலித்தது. குட்டிகள் நான்காம் வாரத்திலிருந்தே ஒன்றோடொன்று கட்டிப் புரள ஆரம்பிக்கும். அந்தச் சண்டை மூன்று மாதம் வரை உச்சத்தில் இருக்கும். கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், இல்லை திருப்பிக் கடிக்கும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவை ஒரு குட்டி கற்பது அங்கேதான். அம்மாப் பூனை முதலில் செத்த எலியைக் கொண்டு வரும், அப்புறம் உயிருள்ளதைக் கொண்டு வந்து விடும். மூட்டைக்கு அந்தப் பள்ளிக்கூடம் முதல் வாரத்திலேயே மூடிவிட்டது. அளவு தெரியாமல் என் கணுக்காலைக் கடித்தது அதன் குற்றமா? இரண்டு மணி நேரம் நாங்கள் ஒதுங்கி இருந்தால் தாய் கூரையிலிருந்து இறங்கி வந்து மூன்றையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிருக்கும். அம்மா நல்ல மனதோடுதான் தூக்கி வந்தார். ஆனாலும் இதை இப்போது தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: குட்டி தனியாகக் கிடக்கிறது என்றால் தாய் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

புளிய விளார்

புளியங்கொட்டையையே விளையாடக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மருத்துவர் தடுத்துவிட்டார். இந்த வயதுக் குட்டி விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். அதைவிட ஆபத்து நூல். பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. வாயில் போன நூலைத் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். போனால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். பூக் கட்டும் நூல், தையல் நூல், சாக்குத் தைக்கும் சணல் எல்லாவற்றையும் அன்றே டப்பாவில் போட்டு மூடினேன்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். சின்ன வயதில் என் கெண்டைக்காலில் பட்ட அதே புளிய விளார்தான். நுனியில் கிழிந்த புடவைத் துணியை அகலமாக முடிந்து, அதில் கோழி இறகு இரண்டைச் செருகினார். சாயங்காலம் நான் வந்ததும் விளாரைத் தரையோடு இழுப்பேன். வேகமாக ஆட்டினால் அது வெறுமனே பார்க்கும். கட்டில் காலுக்குப் பின்னால் மெதுவாக மறைத்து, ஒரு துடிப்பு, அப்புறம் அசைவில்லை. அந்த அசைவில்லாத நேரத்தில்தான் பின்பக்கம் ஆடத் தொடங்கும். எலி ஒரு நாளும் பூனையை நோக்கி ஓடாது, விலகித்தான் ஓடும் என்பது கூட எனக்கு விளையாடித்தான் புரிந்தது. பத்து நிமிடம். கடைசியில் கட்டாயம் பிடிக்க விடுவேன், உதைக்கவும் விடுவேன். சுவரில் ஒளிப்புள்ளி காட்டி விளையாடுவதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான். அதில் பிடிப்பதற்கு எதுவுமே கிடையாது. முடிந்த உடனே வேகவைத்த மீன் கொஞ்சம். அது நக்கும், முகம் கழுவும், சுருளும். படுக்கப் போகுமுன் பத்து மணிக்கு இன்னொரு முறை இதே வரிசை. விளையாட்டு முடிந்ததும் விளாரை அலமாரியில் பூட்டிவிட வேண்டும், துணியை மெல்லாமல் இருக்க.

கையை இரையாக்கும் பழக்கத்தை நிறுத்தக் கூடுதல் நாள் ஆயிற்று. தப்பு மகள் மேல் இல்லை, நாங்கள் எல்லோருமே முதல் வாரம் விரலை ஆட்டிக் காட்டியிருந்தோம். கடித்தால் கத்துவதில்லை, தட்டுவதில்லை, தண்ணீர் பீய்ச்சுவதில்லை. கையை அசைக்காமல் வைத்துவிட்டு, விட்டதும் எழுந்து போய்விடுவோம். கூடப் பிறந்த குட்டி செய்திருக்கக் கூடியதும் அதுதானே. தண்ணீர் பீய்ச்சுவதைப் பற்றி எனக்கு இப்போது திடமான கருத்து உண்டு. வேட்டையை நிறுத்து என்று அதற்கு அது சொல்வதில்லை, இந்த ஆளிடம் போகாதே என்றுதான் சொல்கிறது.

விடியற்காலை ஓட்டம் இரண்டு வாரத்தில் ஐந்தரைக்கு நகர்ந்தது. முழுக்க நிற்கவில்லை, நிற்க வேண்டும் என்று இப்போது நான் எதிர்பார்க்கவும் இல்லை. எந்த ஓட்டத்துக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். ஓடி முடித்ததும் சாப்பிட்டுத் தூங்கினால் அது ஆரோக்கியம். சாப்பாட்டை மறுத்து மூலையில் ஒளிந்தாலோ, எச்சில் ஒழுகினாலோ, நடை தள்ளாடினாலோ, தன் வாலையே விரட்டிக் காயப்படுத்திக்கொண்டாலோ உடனே மருத்துவர். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று.

போன மாதம் வீடு கூட்டும்போது மகள் கையில் ஏதோ ஒட்டியது. அரிசிக் குருணை என்று நினைத்தாள். பார்த்தால் மூட்டையின் பால்பல். இருபத்தாறு பால்பல்லும் விழுந்து முப்பது பல் முளைக்கும் பருவம். முல்லை அரும்பை வெருகின், அதாவது காட்டுப்பூனையின், பல்லுக்கு ஒப்பிட்ட சங்கப் புலவர்கள் எவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்று, அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மகள் அதைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்போது ஜூன். தெருவில் புளி வாசனை போய் மாம்பழ வாசனை வந்துவிட்டது. அடுத்த வாரம் மூட்டைக்குக் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறோம். நேற்று அம்மா மண்டிக்குப் போய் வந்து, "அதே பூனை திரும்ப குட்டி போட்டிருக்கு, நாலு, கண்ணே தெறக்கல" என்றார். பின் சுவரோரம், மீந்த மூட்டைகளுக்குப் பின்னால். இன்று சனிக்கிழமை, வேலைக்குப் போகவில்லை. நானே மண்டிக்குப் போனேன். அந்த மூலையில் இருக்கும் பன்னிரண்டு மூட்டையை ஆகஸ்ட் முதல் வாரம் வரை அசைக்காமல் வைக்க முடியுமா என்று மண்டிக்கார அண்ணனிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். குளியலறைக் கதவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்கு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆளைக் கூப்பிட்டு, லோடு ஏற்றும்போது முன் வரிசையிலிருந்து மட்டும் எடுக்கச் சொன்னார்.

"எட்டு வாரம் கழிச்சு நீ வந்து எடுத்துக்குவியாம்மா?"

"ரெண்டு குட்டி எடுத்துக்கறேண்ணா. சேர்த்துதான்."